காமா கதிர் வருகிறதாம், செல்போனை அணைக்க வேண்டுமாம்!



நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். முழுவதும் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே நாளில் அந்தச் செய்தி வந்தது. இரவு 12.30 முதல் 3.30 வரை காமா கதிர்கள் பூமியைக் கடக்குமாம். செல்போனை அணைத்துத் தூரமாக வைக்க வேண்டுமாம். நாசாவே சொன்னதாம். பல வருடமாகக் காஸ்மிக் கதிர் என்று சுற்றிய அதே புரளி, இந்த முறை பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

என் சித்தி அதை நம்பி போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டார். 81 வயது, வீட்டில் தனியாக இருப்பவர். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறல். எழுந்து பீரோ வரை போக முடியவில்லை. காலையில் பால்காரர் கதவைத் தட்டிப் பதில் வராமல் பக்கத்து வீட்டாரை அழைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இப்போது தேறிவிட்டார்.

அனுப்பியவர்களில் மூன்று பேர் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள். ஒருவரைக் கேட்டேன். "பொய்யாவே இருந்தாலும் என்ன சார் நஷ்டம்?" என்றார். நஷ்டம் என்னவென்று என் சித்தியைக் கேளுங்கள்.

காமா கதிர் வெடிப்பு என்பது உண்மையில் உண்டு. அதைக் கண்டவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள். அணுகுண்டுச் சோதனையைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்களில் 1967-ல் முதல் வெடிப்பு பதிவானது. பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்று சரிபார்த்து 1973-ல்தான் கட்டுரை வெளியிட்டார்கள்.

வெடிப்பு சில விநாடிகளில் முடிந்துவிடும். அதன்பின் மங்கிக்கொண்டே போகும் பின்னொளியை, 1997 பிப்ரவரியில் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் இடம் காட்ட, லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி முதன்முதலாகப் படம் பிடித்தது.

1998 ஏப்ரல் 25-ல் ஒரு வெடிப்பு. அதே திசையில், சுமார் 12 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்தில், ஒரு சூப்பர்நோவா. பெருநட்சத்திரம் ஒன்று இறந்துதான் கதிர் வந்தது என்று உடனே முரசு கொட்டியிருக்கலாம். ஆனால் பலர் தயங்கினார்கள். அந்த வெடிப்பு வழக்கத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு பலவீனம். அதே பகுதியில் சந்தேகத்துக்குரிய இன்னொரு எக்ஸ் கதிர்ப் புள்ளியும் இருந்தது. தற்செயலாகவும் இருக்கலாமே!

விடை 2003 மார்ச் 29 வெடிப்பில் கிடைத்தது. அரிசோனா, சிலித் தொலைநோக்கிகள் இரவுக்கு இரவு நிறமாலை எடுத்தன. முதல் நாட்களில் வெறும் பின்னொளி. ஒரு வாரம் போனதும், மங்கும் வெளிச்சத்துக்குள்ளிருந்து அகன்ற மேடுகள் எழுந்தன. 1998 சூப்பர்நோவாவின் அதே கையெழுத்து! ஐந்து வருடச் சந்தேகம் அப்போதுதான் தீர்ந்தது. புனே அருகிலுள்ள நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் அந்த வெடிப்பின் மிச்சத்தை நெடுநாள் பின்தொடர்ந்தது.

அதோடு விட்டார்களா? 2006 ஜூன் 14 வெடிப்பில் சூப்பர்நோவாவைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றே எழுதினார்கள். தங்கள் கொள்கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று மறைக்கவில்லை.

அவர்கள் ஐந்து வருடம் காத்தார்கள். நீங்கள் அரை நிமிடம் காக்கவில்லை.

இன்னொன்று. 2022 அக்டோபர் 9-ல் வந்தது இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமானது. சுமார் 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்து நம் அயனி மண்டலத்தைச் சற்றே கலைத்தது, அவ்வளவுதான். காமா கதிரை வளிமண்டலம் தடுத்துவிடும். அதனால்தானே அதைப் பிடிக்கச் செயற்கைக்கோள் அனுப்புகிறோம்? எந்த வெடிப்பும் நேரம் குறித்து வருவதில்லை. ஒளியின் வேகத்தில் வரும் கதிரை முன்கூட்டி யார் சொல்ல முடியும்? இந்த ஒரு கேள்வி போதும், அந்தச் செய்தி பொய்யென்று தெரிய.

என் மீதும் குற்றம் உண்டு. நிறமாலையை ஐந்து மதிப்பெண் கேள்வியாகத்தான் நடத்தினேன். ஒரு முடிவை நம்புமுன் எத்தனை இரவு விழிக்க வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. இப்போது சொல்கிறேன். எதையும் அனுப்புமுன் கேளுங்கள்: யார் பார்த்தது? எந்தக் கருவியில்? வேறு யாராவது தனியாகப் பார்த்தார்களா? பதில் இல்லையென்றால் விரலை எடுத்துவிடுங்கள்.

அன்று அனுப்பிய ஒவ்வொருவரும் அதே குழுவில் "தவறு" என்று எழுத வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் போட்டு, இரவில் அதை அணைக்காமல் தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

— உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்