வறுத்த பயறும் கடை விதையும்

திருப்புட்குழி மரகதவல்லித் தாயார் அருளால் வறுத்த பயறும் முளைக்கும் என்பது ஐதீகம். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். ஆனால், கடையில் வாங்கிய விதை முளைப்பதற்குத் தாயார் பொறுப்பல்ல, விற்றவரே பொறுப்பு.

சான்று பெற்ற நெல் விதையில் 100க்கு 80 முளைக்க வேண்டும்; உளுந்தில் 75. முளைக்கவில்லை என்று போனால், "உங்கள் நிலம் சரியில்லை" என்று கைவிரிப்பது நியாயமா? அதே குவியல் விதையைக் கடைக்காரரே ஈரச் சாக்கில் முளைகட்டிப் பார்க்கட்டும். பழுதென்றால் விற்பனையை நிறுத்தி, உடனே மாற்று விதையோ பணமோ தரட்டும். தவறு நாற்றங்காலில் என்றால் விவசாயியும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ரசீது தருவது கடைக்காரர் கடமை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனைக்கென்று அவர் விதையை மீத்து வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்றும் கூறியது. ஆகவே ரசீதையும் பையிலுள்ள அட்டையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள்.

வழக்கில் வென்றால் பணம் வரலாம். தவறிய நவரைப் பட்டம் வராது. குறை சொல்லி வந்த அன்றே நியாயம் செய்பவர்தான் நல்ல வியாபாரி.