பொதுவெளியில் எழுதினால் பொதுச்சொத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த சொந்த விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. சமூக ஊடகத்தில் கருத்து எழுதும்போது தன்னைப் பற்றிய தகவலையும் வெளியிட்ட ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகச் சொல்லி, அவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் விளக்குகிறது. இதை எதிர்த்தே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவள். தரவு இல்லாமல் ஆய்வு இல்லை என்பது எனக்குத் தெரியும். நிரல் எழுதி இணையத்திலிருந்து தகவல் திரட்டுவதையே தடை செய்யச் சொல்லவில்லை. ட்விட்டர் 2023-இல் இலவசத் தரவு வசதியை நிறுத்தியது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா, பதிவுகள் பரவுவதைப் பின்தொடர உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. வெறுப்புப் பேச்சு எப்படிப் பரவுகிறது என்று வெளியிலிருந்து ஆராய்பவருக்குப் பல நேரங்களில் வேறு வழி இல்லை. ஆனால் ‘எல்லாரும் பார்க்கக்கூடியதுதானே’ என்ற ஒரு பதிலோடு எல்லாக் கேள்வியையும் முடித்துவிடுவதை ஏற்க முடியாது.

2016 மே மாதம் டென்மார்க்கில் ஒரு மாணவரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஓகேக்யூபிட் என்ற துணை தேடும் தளத்திலிருந்து ஏறக்குறைய 70,000 பேரின் விவரங்களை நிரல் மூலம் அள்ளினார்கள். வயது, இருப்பிடம், பாலியல் விருப்பம், அந்தரங்கக் கேள்விகளுக்குத் தந்த பதில்கள் என எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். ஒருவரிடமும் சம்மதம் கேட்கவில்லை. பயனர் பெயரைக்கூட நீக்கவில்லை. ஏற்கெனவே பொதுவில் இருந்ததுதான் என்பதே அவர்கள் சொன்ன சமாதானம். ஆனால் எழுதியவர்கள், தங்களைப் போலத் துணை தேடி வந்த இன்னொருவர் படிப்பதற்காக எழுதினார்கள். பதில்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தவரை ஒருவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஒரே கோப்பில் அடுக்கிவிட்டால் மேலாளரோ பிரிந்துபோன கணவரோ சில நொடிகளில் பார்த்துவிடலாம். இந்த ஆபத்து திரட்டியதால் வந்தது. கடைசியில் அந்தக் கோப்பு நீக்கப்பட்டது, தள நிறுவனம் கொடுத்த பதிப்புரிமைப் புகாரால். அந்த 70,000 பேரின் மானத்துக்காக அல்ல.

பெயரை நீக்கினால் போதும் என்பார்கள். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-இல் சுமார் 1,700 மாணவர்களின் ஃபேஸ்புக் தகவல்களைப் பெயர் நீக்கி, கல்லூரி எது என்றும் சொல்லாமல் வெளியிட்டார்கள். மைக்கேல் சிம்மர் என்ற அறிஞர் தரவைத் திறந்துகூடப் பார்க்காமல், அதைப் பற்றிப் பொதுவில் வெளியான குறிப்புகளை வைத்தே அது ஹார்வர்ட்தான் என்று கண்டுபிடித்தார். நம் ஊரில் இன்னும் எளிது. தெருப் பெயரும் குலதெய்வமும் சாதியைச் சொல்லிவிடும். கணவனிடம் அடிபட்டதையோ மனச்சோர்வையோ ஒரு பெண் எழுதிய வரியை ஆய்வுக் கட்டுரையில் அப்படியே எடுத்துப் போட்டால், தேடுபொறி அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

2019-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா இந்தச் சட்டத்தைப் போல இவ்வளவு தாராளமாக இல்லை. பொதுவெளித் தரவைச் சம்மதமின்றிக் கையாள அதில் வழி இருந்தாலும், ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கும் நிபந்தனைகள் இருந்தன. இப்போதைய சட்டமும் 17-ஆவது பிரிவில் ஆய்வுக்கு விலக்கு அளித்து, அதற்குத் தரநிலைகளை விதிக்கிறது. பொதுவெளித் தரவை எடுப்பவரோ சட்டத்துக்கே வெளியே இருப்பதால் அந்தத் தரநிலைகளும் அவரைக் கட்டாது.

மருத்துவ ஆய்வுக்கு ரத்த மாதிரி எடுக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். லட்சம் பேரின் வாழ்க்கையை எடுக்கும் கணினித் துறை ஆய்வுக்கும் அதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும். எழுதியவர் யாருக்காக எழுதினார், வெளிப்பட்டால் அவருக்கு என்ன நேரும், கோப்பு யார் கைக்குப் போகும், எப்போது அழிக்கப்படும் என்று அந்தக் குழு கேட்கட்டும். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதற்குள் மூன்றாவது பிரிவைத் திருத்த நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை,
திருச்சி