எதற்கெடுத்தாலும் ஃபார்மேட்டா?

சிஸ்டம் ஸ்லோவா? ஃபார்மேட் பண்ணிடலாம். அடிக்கடி ஹேங் ஆகிறதா? ஃபார்மேட். நீலத் திரை வருகிறதா, பிரிண்டர் முரண்டு பிடிக்கிறதா, குரோம் திறக்க நேரமாகிறதா? அதற்கும் அதே மருந்துதான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் சர்வீஸ் கடைவரை இந்த ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. "ஓ.எஸ். மாத்திப் போட்டா புதுசு மாதிரி ஓடும் சார்" என்றதும் நாமும் தலையாட்டிவிட்டுப் பையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்த நம்பிக்கை பெரும்பாலும் பயனற்றது, பல நேரம் கெடுதலானது என்பதே என் கட்சி.

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. விண்டோஸ் 98, மில்லேனியம் நாட்களில் ஒரு மென்பொருளை நிறுவினால் அது தன் பழைய டி.எல்.எல். கோப்பைக் கொண்டுவந்து சிஸ்டம் ஃபோல்டரில் கொட்டும். இன்னொரு மென்பொருள் படுத்துவிடும். எது எதைக் கெடுத்தது என்று துப்பறிவதைவிட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி போடுவது சுலபமாக இருந்தது. 2001இல் எக்ஸ்பி வந்ததும் வீட்டுக் கணினிகளும் என்.டி. அடித்தளத்துக்கு மாறின. விஸ்டாவிலிருந்து சிஸ்டம் கோப்புகளின் கிடங்கு ஒன்று விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கெட்டுப்போன கோப்பை அதிலிருந்து எடுத்துச் சரிசெய்ய சிஸ்டம் ஃபைல் செக்கர் இருக்கிறது. நோய் போய்க் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது; கசாயம் மட்டும் நின்றபாடில்லை.

"ஃபார்மேட் பண்ணினதும் வேகமாயிடுதே, அது பொய்யா?" என்று கேட்பார்கள். பொய் இல்லை. ஏன் வேகமாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய லேப்டாப்புகளில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுவது. படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றிவந்து சேர 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்கள் என்றால் விநாடிக்கு நூறைக்கூடப் படிக்க முடியாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பின்னணியில் அப்டேட், டிஃபெண்டர், தேடல் அட்டவணை என்று ஏதாவது ஒன்று டிஸ்க்கைத் தோண்டிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதைப் பார்க்கலாம். இதே வேலையைச் சாதாரண எஸ்.எஸ்.டி. விநாடிக்குப் பல்லாயிரம் செய்யும். ஃபார்மேட் செய்வதால் தட்டு வேகமாகச் சுற்றப்போவதில்லை. கூடவே ஓடத் தொடங்கும் மென்பொருள்கள் அப்போதைக்கு ஒழிந்திருக்கும், அவ்வளவுதான். அவற்றை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் நாமே நிறுத்தலாம், காசு கிடையாது.

இதைவிட மோசமானது, டிஸ்க் செத்துக்கொண்டிருக்கும்போது செய்யும் ஃபார்மேட். ஒரு செக்டர் படிக்க வராவிட்டால் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். மௌஸ் உறைந்து நிற்பது அந்த நேரத்தில்தான். படிக்க முடியாத செக்டரைத் தன் குறிப்பேட்டில் 'நிலுவை' என்று எழுதிவைத்துக்கொள்ளும். பிறகு அதே இடத்தில் ஏதாவது எழுத நேரும்போது, அந்த இடம் தேறாது என்று தெரிந்தால் கையிருப்பில் உள்ள மாற்றுச் செக்டருக்கு மாற்றிவிடும். மறுபடி விண்டோஸ் போடும்போது நடப்பது இதுதான். புண்பட்ட சில இடங்கள் மாற்றப்படுகின்றன, சில இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, முக்கியக் கோப்புகள் வேறு இடத்தில் போய் உட்காருகின்றன. குயிக் ஃபார்மேட்டோ டிஸ்க்கின் பரப்பைச் சோதிப்பதே இல்லை. சில வாரம் நன்றாக ஓடும். கடைக்காரர் கைராசிக்காரர் என்று பெயர் வாங்குவார். பிறகு ஒருநாள் டிஸ்க் மொத்தமாகப் போகும்; "வைரஸ் மறுபடி வந்துடுச்சு" என்பார்கள்.

இவ்வளவையும் அந்த டிஸ்க்கே 'ஸ்மார்ட்' என்ற பதிவில் எழுதிவைத்திருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை தெரியும். பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த எச்சரிக்கையைப் பார்த்தால் முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது. நாமோ உயிர் ஊசலாடும் டிஸ்க்கில் முழு விண்டோஸையும் எழுதவைக்கிறோம்.

தூசி அடைத்த விசிறியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் அதே கதைதான். 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது பிரஷ்ஷும் ஸ்க்ரூ டிரைவரும். நீலத் திரையில் 'டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எரர்' என்று வந்தால் கோளாறு வன்பொருளில் என்று விண்டோஸே கையைக் காட்டுகிறது. ஈவென்ட் வியூவரிலும் ரிலையபிலிட்டி மானிட்டரிலும் என்றைக்கு, எது, எதனால் விழுந்தது என்ற தடயம் இருக்கும். ஃபார்மேட் முதலில் அழிப்பது அந்தத் தடயத்தைத்தான்.

அடுத்து அழிவது உங்கள் பிழைப்பு. "டி டிரைவ்ல இருக்கறது ஒண்ணும் ஆகாது" என்பார்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் இருப்பது சி டிரைவில். டேலி கணக்குகளும் வழக்கமாக அங்கேதான். டி.டி.பி. கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: வானவில், பாமினி எழுத்துருக்களை எடுத்துவைக்க மறந்தால், பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் ஆங்கில எழுத்துக் கந்தலாகத் திறக்கும். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரைத் திரும்பத் தேடும் வேலை.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளின் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. பெரும்பாலும் அது ஹோம் பதிப்புக்கானது. கடையில் போட்டுத் தருவது புரோ. அந்தச் சாவி அதற்குப் பொருந்தாது என்பதால் டிஃபெண்டரை அணைத்துவிட்டு கிராக் ஏற்றுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அசலை அழித்துவிட்டுத் திருட்டுப் பதிப்பை வாங்கி வருகிறோம். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குப் போய்விடும். அவசரத்துக்குக் கடைப்பையன் தன் கணக்கில் நுழைந்திருந்தால், உங்கள் வீட்டுச் சாவி அவரிடம்.

ஃபார்மேட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரேன்சம்வேர் புகுந்துவிட்டால், புது எஸ்.எஸ்.டி. மாட்டினால், கணினியை விற்கப்போனால் செய்துதான் ஆக வேண்டும். விண்டோஸ் உண்மையிலேயே சிதைந்திருந்தாலும், கணினி ஓடும் நிலையில் இருந்தால் அதற்குள்ளிருந்தே அதே பதிப்பின் செட்டப்பை ஓட்டிப் பாருங்கள். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்க, சிஸ்டம் மட்டும் புதிதாகும்.

அடுத்த முறை கடையில் ஃபார்மேட் என்று சொன்னால், முதலில் டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். என்ன கோளாறு என்று கேளுங்கள். "போட்டுப் பாத்தாதான் சார் தெரியும்" என்று பதில் வந்தால், லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.