காயவைப்பதில் இருக்கிறது பக்குவம்



போன வாரம் மத்தியானம் சமையல் வேலை முடிந்து அக்கடாவென்று உட்கார்ந்தேன். அடுத்த வீட்டுப் பெண் தோளில் மூன்று மாதக் குழந்தையும் கையில் இரண்டு டப்பாக்களுமாக வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. கூட வேலை செய்கிறவர் யாரோ, தாய்மார்களுக்குத் தெம்பு தரும் என்று சொன்னாராம். இவரும் வாங்கி வந்துவிட்டார். மாக்கா என்று ஒரு கிழங்கின் பொடி.

"ஏங்க்கா, இதுல ஒண்ணு வெயில்ல காயவச்சதாம், இன்னொண்ணு மெஷின்ல காயவச்சதாம். எது நல்லதுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்விதான். அதே கிழங்கு, அதே தண்ணீரில் கழுவியது. காயவைக்கிற விதத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐப்பசி மாதத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது.

என் மகளுக்குத் தை மாதம் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். பிரசவ லேகியத்துக்குக் கடைச் சுக்கு வேண்டாம், நாமே இஞ்சி வாங்கிக் காயவைப்போம் என்று எனக்கு ஒரு ஆசை. இரண்டு கிலோ இஞ்சி வாங்கி, கழுவி, தோலோடு துண்டு போட்டு மாடியில் பரப்பினேன். இரண்டு நாள் வெயில் அடித்தது. அப்புறம் நாலு நாள் மழை! வீட்டுக்குள் கொண்டுவந்து ஃபேன் காற்றில் போட்டேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தது, நகத்தால் அழுத்தினால் உள்ளே மெத்தென்றது. பொறுமை இல்லை. தோசைக்கல்லில் போட்டுச் சூடேற்றி, மிக்ஸியில் பொடித்து, சூடு ஆறும் முன்பே டப்பாவில் அடைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பொடி கட்டி கட்டியாக இருக்கிறது. பழைய மூட்டை வாசனை. ஓரத்தில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம். மாமியார் பார்த்துவிட்டு, "வாணலியில போட்டு வறுத்துடும்மா, எல்லாம் போயிடும்" என்றார். நானும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸம்மா வந்தார்கள். வாணலியைப் பார்த்ததும், "பிள்ளைத்தாச்சிக்கா கொடுக்கப் போறே? முதல்ல அடுப்பை அணை" என்று அதட்டினார்கள்.

அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பூஞ்சணத்தில் சில ஜாதிகள் அஃப்ளாடாக்ஸின் என்ற விஷத்தை உண்டுபண்ணும். வறுத்தால் பூஞ்சணம் செத்துப் போகும், விஷம் போகாது. வீட்டு அடுப்புச் சூடு அதற்குப் போதாது. 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த விஷத்தையே கண்டுபிடித்தார்களாம். ஈரலைத் தாக்கும். தாய் சாப்பிட்டால் தாய்ப்பாலிலும் கொஞ்சம் இறங்கும். எல்லாப் பூஞ்சணமும் அப்படி இல்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் எது எப்படி என்று நம் கண்ணுக்குத் தெரியாதே! வயிறு எரிய எரிய அத்தனையையும் குழி தோண்டிக் கொட்டினேன்.

தப்பு எங்கே என்று பிறகு யோசித்தேன். முதல் தப்பு, தோல். இஞ்சித் தோல் உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. தோலைச் சீவித்தான் காயவைக்க வேண்டும். அதற்காக ஆழமாகச் சீவினாலும் நஷ்டம், ஏனென்றால் வாசனை எண்ணெய் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. கேரளத்தில் இதற்கு மூங்கில் சிம்பு வைத்திருப்பார்கள். இரும்புக் கத்தி பட்டால் இஞ்சி கறுத்துவிடும். வீட்டில் ஸ்பூன் விளிம்பால் சுரண்டினாலே போதும். இரண்டாவது தப்பு, தோசைக்கல். அதிகச் சூடு சட்டென்று பட்டதும் மேல்பக்கம் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடுகிறது. உள் ஈரம் வெளியே வர வழியில்லை. மூன்றாவது, சூட்டோடு மூடியது. டப்பாவுக்குள் வியர்த்துப் போயிற்று.

இஞ்சிக்கு நல்ல வெயில்தான் சிலாக்கியம். எட்டிலிருந்து பத்து நாள் ஆகும். காய்கிறபோது இஞ்சியின் காரமே மாறுகிறது. பச்சை இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பங்கு ஷோகால் என்று இன்னும் உறைப்பான பொருளாகிறது. சுக்குக் காப்பி தொண்டையில் தனியாக உறைப்பது அதனால்தான். ஒரு கிலோ இஞ்சி, காய்ந்தால் 200 முதல் 250 கிராம் நிற்கும். 400 கிராம் நின்றால் லாபம் என்று சந்தோஷப்படாதீர்கள். பாக்கி தண்ணீர்!

மஞ்சளுக்கு வேறு பக்குவம். பச்சையாகக் காயவைக்கக்கூடாது. ஈரோட்டுப் பக்கம் வேகவைத்துத்தான் காயப்போடுவார்கள். ஈர்க்குச்சி சுலபமாக உள்ளே இறங்கும் பதம். வெந்தால் மாவுச்சத்து இறுகி, நிறம் ஒரே சீராகப் பரவி, பச்சை வாடை போய்விடும். காயவும் சீக்கிரம் காயும். குழைய வெந்தால் நிறம் கெடும். வெந்த பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயில். ஆனால் பொடித்த பிறகு வெயிலே ஆகாது. வெளிச்சம் படுகிற கண்ணாடி ஜாடியில் வைத்தால் மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டே போகும்.

கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு இதெல்லாம் வாசனைக்காகவே வாங்குகிறோம். மெல்லிசாக வில்லை போட்டு நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். முருங்கைக்கீரையும் அப்படியே. கடும் வெயிலில் அதன் வைட்டமின் ஏ சத்து வீணாகிறது.

நம் வாலாஜாபாத்தில் இன்னொரு தொல்லை, தூசி. ஜல்லி லாரி ஒன்று போனால் மாடிக் கைப்பிடிச் சுவரில் விரலால் பெயர் எழுதலாம். அதனால் தரையில் பரப்புவதை விட்டுவிட்டேன். கயிற்றுக்கட்டிலில் துணி விரித்துப் பரப்பி, மேலே பழைய மல்லு வேட்டியை இழுத்துக் கட்டிவிடுகிறேன். கீழேயும் காற்று போகிறது. சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் காய்ந்ததை ராத்திரிப் பனி நனைத்துவிடும்.

மின்சார டிரையர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். தூசி இல்லை, மழைக்குப் பயமில்லை, நல்லதுதான். ஆனால் 60 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, வாசனை பறந்துவிடும். அவசரப்பட்டு ஏற்றினால் என் தோசைக்கல் கதைதான். வருஷத்துக்கு இரண்டு தடவை காயவைக்கிற வீட்டுக்கு மாசி, பங்குனி வெயிலே தாராளம். ஐப்பசி, கார்த்திகையில் நான் இப்போதெல்லாம் காயவைப்பதே இல்லை.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி. ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். பிறகு துண்டுகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் மறுபடியும் வெயிலுக்குப் போக வேண்டியதுதான். பொடித்ததும் அகலத் தட்டில் கொட்டி ஆறவிட்டு அடையுங்கள்.

அடுத்த வீட்டுப் பெண்ணின் மாக்காவுக்கு வருகிறேன். முள்ளங்கி ஜாதிதான். பெரு நாட்டு மலைகளில் 4,000 மீட்டருக்கு மேல், அதாவது நம் ஊட்டியைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு உயரத்தில் விளைகிறது. அங்கே பகல் வெயிலிலும் ராத்திரி உறைபனியிலும் இரண்டு மூன்று மாதம் அப்படியே வெளியில் போட்டுக் காயவைப்பார்கள். பச்சைக் கிழங்கில் சொற்பமாக இருக்கிற மாக்காமைடு என்ற பொருட்கள் அப்படிக் காயும்போதுதான் பெருகுகின்றன. எத்தனை சூடு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து அளவும் மாறும். ஆக, மெதுவாகக் காய்ந்ததற்கு ஒரு மதிப்பு உண்டுதான். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் அது ஆகுமா என்று போதுமான ஆராய்ச்சியே நடக்கவில்லை. டாக்டரிடம் கேட்காமல் இரண்டையுமே தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ காசு வேஸ்டாக்கா?" என்று முகத்தைச் சுருக்கினாள். "அவரையே சாப்பிடச் சொல்லு" என்றேன். கலகலவென்று சிரித்தாள். போகும்போது மாசியில் காயவைத்த சுக்கில் நாலு துண்டு எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை ஒடித்துக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டே படியிறங்கினாள்.