கவலை சிக்னலில் இல்லை

விமானம் நகரத் தொடங்கியதும் ஏரோபிளேன் மோடு அறிவிப்பு வருகிறது. பாதிப் பேர் கேட்பதில்லை. மீதிப் பேர் கடைசி வாட்ஸ்அப்பை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அப்படியும் விமானம் பத்திரமாகவே இறங்குகிறது.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1991இல் வானில் செல்போனுக்குத் தடை போட்டதற்குக் காரணம் விமானம் விழுந்துவிடும் என்பதல்ல. அவ்வளவு உயரத்தில் ஒரே போன் பல டவர்களை ஒருசேரத் தொட்டு, தரையில் பேசுபவர்களின் இணைப்பைக் குழப்பிவிடும் என்பதுதான். விமானியின் ஹெட்போனில் எழும் 'டிர்ர்' இரைச்சலும் உண்மையான தொல்லைதான். பேராபத்து என்று சொல்ல முடியாது.

பேராபத்து பேட்டரியில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலிருந்த பெட்டி அறையில் புகை கிளம்பியது. உள்ளே ஒரு சாம்சங் நோட் 2. ஊழியர்கள் தீயணைப்பானை அடித்து, போனைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டார்கள்.

சூடேறிய லித்தியம் பேட்டரி ஒருமுறை அணைந்தாலும் மறுபடி பற்றும். அதனால்தான் பவர் பேங்க்கைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்க விடுவதில்லை. இருக்கை இடுக்கில் போன் விழுந்தால் இருக்கையை அசைக்காமல் பணியாளரைக் கூப்பிட வேண்டும். நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கலாம். சிக்னலை அணைக்கச் சொல்லும் அதே உரத்த குரலில் இதையும் சொல்லலாமே.