நடுவரிசையில் இருந்து முன்மேடைக்கு



பாடசாலை விளையாட்டுப் போட்டியில் பாண்ட் குழுவுக்கு முன்னால் கோல் பிடித்து நடக்கும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். கோல் உயர்ந்தால் மேளம் ஒலிக்கும், தாழ்ந்தால் நிற்கும். மேலைத்தேய இசைக்குழுவில் இந்தப் பொறுப்பை ஏற்பவர் இசை நடத்துனர். எங்கள் கர்நாடக இசைக் கச்சேரியில் இப்படி ஒருவர் இல்லை. உலகெங்கும் நெடுங்காலம் ஆண்களே நின்ற இடம் அது. அந்த இடத்துக்கு வந்த ஆப்கானிஸ்தான் பெண் ஒருவரைப் பற்றியே இம்மாதம் சொல்கிறோம்.

அவர் பெயர் ஸரீபா அதீபா. பாக்கிஸ்தானில் அகதி வாழ்க்கை வாழ்ந்து காபூலுக்குத் திரும்பியவர். 1996 முதல் 2001 வரை தலிபான்கள் இசையையே தடைசெய்திருந்த நாடு அது. அங்கே 2010இல் அஹ்மட் சர்மஸ்த் தேசிய இசை நிறுவகத்தை ஆரம்பித்தார். பெண் பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் தேடிச் சேர்த்தார். 2014 டிசெம்பரில் இசை நிகழ்ச்சியொன்றில் குண்டு வெடித்து அவரது செவிகள் பாதிக்கப்பட்டன. சிகிச்சை பெற்று மீண்டும் வந்து பணியைத் தொடர்ந்தார்.

அந்த ஆண்டில்தான் ஸரீபா அங்கு சேர்ந்து வியோலா கற்றார். வயலினை விடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த சுருதியுள்ள வாத்தியம் அது. வியோலா வாசிப்பவருக்கு முதன்மை மெட்டு அபூர்வமாகவே கிடைக்கும். மேலே வயலின் என்ன செய்கிறது, கீழே செலோ என்ன செய்கிறது என்று இரண்டையும் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். எல்லோரையும் கேட்கும் இந்தக் காதுதான் நடத்துனருக்கும் தேவை. பதின்ம வயதுப் பெண்களே நிறைந்த 'ஸொஹ்ரா' இசைக்குழுவில், நெகின் கபல்வாக்கை அடுத்து ஸரீபாவும் நடத்துனரானார். 2017 ஜனவரியில் அக்குழு சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உலகத் தலைவர்கள் கூடிய மாநாட்டில் இசைத்தது.

அவர் இசை கற்பது தாய்க்குத் தெரியும், தாய்மாமன்மாருக்குத் தெரியாது. உறவுகளின் எதிர்ப்புக்கு அஞ்சி மறைத்தே கற்றார். தாய் துணைநின்றார்.

2021 ஓகஸ்டில் தலிபான்கள் மீண்டும் ஆட்சியைப் பிடித்தனர். நிறுவகம் மூடப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் குடும்பத்தவருமாக 270க்கும் மேற்பட்டோர் போர்த்துக்கலில் அடைக்கலம் பெற்றனர். அங்கே மீண்டும் வாசிக்கத் தொடங்கினர். கட்டடமும் வாத்தியங்களும் போயின. கற்ற கை அவர்களுடனேயே போயிற்று. பலமுறை இடம்பெயர்ந்த எங்களுக்கு இதன் பெறுமதி நன்கு தெரியும்.

போருக்குப் பின் முல்லைத்தீவிலும் குருநாகலிலும் தமிழ், சிங்களப் பிள்ளைகளை வயலினும் செலோவும் பழக்கி ஒரே மேடையில் அமர்த்தும் 'மியூசிக் புரொஜெக்ட்' முயற்சியும் நடந்து வருகிறது. கற்க விரும்பும் பிள்ளை எங்கள் வீடுகளிலும் இருக்கலாம்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று நாலு பேர் கேட்பார்கள். தையலோ, கணினியோ, வயலினோ, பிள்ளை ஆசைப்பட்டுக் கற்பதை அந்த ஒரு கேள்விக்காக நிறுத்திவிடாதீர்கள். ஸரீபாவுக்கு முதலில் துணைநின்றது பெரிய மேடையல்ல, அவரது தாய்தான்.