சலங்கை கட்டியாச்சு... சம்பளம் எங்கே?

சென்னை: பரதநாட்டியத்தில் பட்டமும் டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு வருஷா வருஷம் இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். கையில் சான்றிதழ் இருக்கு, காலில் சலங்கை இருக்கு. ஆனால் "மாசம் எவ்வளவு வரும்?" என்று வீட்டில் கேட்டால் திருதிருவென முழிக்க வேண்டியிருக்கிறது.

படிக்க இடத்துக்குப் பஞ்சம் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாஷேத்ரா, இப்போது திருவான்மியூரில் மத்திய அரசு நிறுவனமாக நடக்கிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் இருக்கின்றன. 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குறைந்த கட்டணத்தில் பரதம் சொல்லித் தருகிறார்கள். அதனால் ஆட்டோ டிரைவர் மகளும், தையல்காரர் மகளும் இன்று அடவு பழகுகிறார்கள்.

சிக்கல் படிப்பு முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மேடை ஏறினால் செலவு

மற்ற வேலைக்குப் போனால் சம்பளம் வரும். நாட்டிய மேடையில், புதுசாக வருகிறவர் கையிலிருந்துதான் பணம் போகிறது. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் என்று குறைந்தது 4 பேருக்கு ஆடுகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும். மேக்கப், பட்டு உடுப்பு, நகை, வண்டி வாடகை எல்லாம் தனி.

மார்கழி சீசனில் புதியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூட்டம் சேராத பகல் நேரம். சபா தரும் தொகை, தந்தால், பக்கவாத்தியத்துக்கே பத்தாது. சில இடங்களில் ஆட வருகிறவரிடமே 'நன்கொடை' கேட்கிறார்கள் என்பது பல வருஷப் புகார்.

இப்படி 5 வருஷம், 10 வருஷம் கைக்காசு போட்டு ஆடினால்தான் பெயர் வெளியே தெரியும். வசதியான வீட்டுப் பிள்ளை தாக்குப் பிடிக்கும். தினக்கூலி வீட்டுப் பிள்ளை இரண்டே வருஷத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விடும். தோற்றது திறமை இல்லை, பர்ஸ்தான்.

சோறு போடும் டியூஷன்

பல பேருக்கு சோறு போடுவது டான்ஸ் கிளாஸ்தான். வீட்டு மாடி, அபார்ட்மெண்ட் ஹால், தனியார் பள்ளி என்று காலையும் மாலையும் ஓடுகிறார்கள். பள்ளிகளில் பகுதி நேர வேலை என்றால் லீவு மாதத்தில் சம்பளம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே உடம்பு ஓய்ந்துபோய், சொந்தப் பயிற்சி நின்றுவிடுகிறது.

சினிமா குரூப் டான்சுக்குப் போகலாம் என்றால் அங்கே சங்க கார்டு வேண்டும். ஷூட்டிங் இருந்தால்தான் கூலி. 2020 கொரோனா ஊரடங்கில் மேடை, கிளாஸ், ஷூட்டிங் மூன்றும் ஒரே நேரத்தில் மூடியபோது, சேமிப்பு இல்லாதவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வழியே இல்லையா?

இருக்கிறது. 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாதம் 5 ஆயிரம் ரூபாய் வீதம் 2 வருஷம் உதவித்தொகை தருகிறது. குருவிடம் 5 வருஷமாவது படித்திருக்க வேண்டும். தூர்தர்ஷன் தேர்வில் கிரேடு வாங்கினால், வாய்ப்பு கேட்கும் இடத்தில் மதிப்பு கூடும்.

கையோடு நட்டுவாங்கமும் கற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். தான் ஆடினால் செலவு. அடுத்தவர் ஆட்டத்துக்குத் தாளம் தட்டினால் வரவு!

பிடிவாதத்துக்கு உதாரணம் மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ். வீட்டு ஆதரவு இல்லாமல் வெளியேறி, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆனால் எல்லோரும் அவ்வளவு கஷ்டப்பட்டுத்தான் ஜெயிக்க வேண்டும் என்பது நியாயம் இல்லையே?

புதியவர்களுக்கு இவ்வளவு என்று சபாக்கள் குறைந்தபட்சத் தொகை வைக்கலாம். அரசுப் பள்ளிகளில் நாட்டிய ஆசிரியர் வேலை கொடுத்தால் பட்டத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

மைக்செட்காரருக்கும் பந்தல்காரருக்கும் நிகழ்ச்சி முடிந்ததும் கூலி எண்ணிக் கொடுக்கிறார்கள். ஆடிய பெண்ணுக்கு மட்டும் கைதட்டல் போதுமா?